உலோகத்தில் ஓவியப் பிரதி: எந்தப் படத்துக்கு எந்தத் தகடு?

“மெட்டல் பிரிண்ட்” என்று விற்கப்படுவது ஒரே பொருள் அல்ல. அந்தப் பெயருக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. மூன்றும் வெளிச்சத்தை வாங்கும் விதம் வேறு, கீறல் விழும் விதம் வேறு, நாளாக ஆகப் பழசாகும் விதமும் வேறு. ஆகவே எது நல்லது என்று கேட்பதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூல ஓவியத்தின் மேற்பரப்பு எப்படிப்பட்டது? அது தொங்கப்போகிற சுவரில் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது? இந்த இரண்டையும் விட்டுவிட்டு அளவையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்கும்போதுதான் பெட்டியைப் பிரித்ததும் முகம் சுருங்குகிறது.

மூன்று வழிகள்

முதலாவது சப்ளிமேஷன். வெள்ளை அடிப்பூச்சும் அதன்மேல் பாலிமர் பூச்சும் போட்டு வரும் அலுமினியத் தகட்டில் செய்வது இது. படத்தை முதலில் ஒரு தனித் தாளில் இடவலம் மாற்றி அச்சடிப்பார்கள். அந்தத் தாளைத் தகட்டின்மேல் கவிழ்த்து, ஹீட் பிரஸ்ஸில் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்கள் அழுத்துவார்கள். சாயம் உருகாமல் நேராக ஆவியாகி, சூட்டில் இளகியிருக்கும் பாலிமருக்குள் புகுந்துவிடும். ஆறியதும் பாலிமர் இறுகிச் சாயத்தைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். அதாவது, படம் பூச்சின்மேல் இல்லை, பூச்சுக்குள் இருக்கிறது. நிறத்தில் தெரியும் ஆழம் இதனால் வருவதுதான். ஈரத்துணியால் துடைத்தாலும் ஒன்றும் ஆகாததற்கும் காரணம் இதுவே. பரவலாகப் புழங்கும் தகடு 1.14 மி.மீ. கனம்.

இரண்டாவது யுவி பிரிண்ட். இதில் பெரும்பாலும் தனி அலுமினியம் இருக்காது. 0.3 மி.மீ. அலுமினியத் தாள்கள் இரண்டுக்கு நடுவே பாலிஎதிலீன் வைத்து ஒட்டிய 3 மி.மீ. கூட்டுத் தகடு இருக்கும். டிபாண்ட் என்ற பிராண்டுப் பெயரே இப்போது இதற்குப் பொதுப்பெயர் மாதிரி ஆகிவிட்டது. பிரிண்டர் நேராகத் தகட்டின்மேல் மையைத் தூவும். கூடவே நகரும் புற ஊதா விளக்கு அந்த மையை அங்கேயே இறுக்கிவிடும். மை மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கும். விரல் நுனியால் தடவினால் லேசான சொரசொரப்பு தெரியும். சப்ளிமேஷனில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு: வெள்ளை மை. எந்த இடத்தில் உலோகம் தெரிய வேண்டும், எந்த இடத்தில் மறைய வேண்டும் என்று நாமே தீர்மானிக்கலாம்.

மூன்றாவது, தாளில் அச்சடித்துத் தகட்டில் ஒட்டியது. பருத்தித் தாளில் பிக்மென்ட் மையால் அச்சிட்டு, கூட்டுத் தகட்டின்மேல் சமதளமாக ஒட்டுவார்கள். இங்கே உலோகத்துக்கு வேலை முதுகெலும்பாக நிற்பது மட்டும்தான். கண்ணுக்குத் தெரிவது தாளே. இதையும் சிலர் மெட்டல் பிரிண்ட் என்றே எழுதி விற்கிறார்கள். வாங்குகிறவர் மேலே தண்ணீர் பட்டால் துடைத்துக்கொள்ளலாம் என்று நம்பிவிடுகிறார், அது நடக்காது. “மை எதன்மேல் இருக்கிறது, பூச்சிலா, உலோகத்திலா, தாளிலா?” என்ற ஒரே கேள்வியை விற்பவரிடம் கேட்டால் போதும், மூன்றும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். பதில் சொல்லத் திணறுகிற இடத்தில் வாங்காமல் இருப்பதே மேல்.

இவை தவிர, மெல்லிய இரும்புத் தகட்டில் அச்சடித்து, சுவரில் ஒட்டிய காந்தத்தில் பொருத்தும் போஸ்டர்களும் கிடைக்கின்றன. அடிக்கடி படம் மாற்ற விரும்புகிறவர்களுக்குச் சரி. ஆனால் வெட்டிய ஓரத்தில் பூச்சு இல்லாவிட்டால் ஈரமான அறையில் அந்த ஓரமே முதலில் துருப்பிடிக்கும்.

ஓவியத்திலிருந்து தொடங்குங்கள்

உலோகம் எல்லா ஓவியத்துக்கும் ஒத்துவராது. இதை விற்பவர்கள் சொல்வதில்லை. மூலத்தில் வெண்மை எங்கிருந்து வருகிறது, கருமை எவ்வளவு ஆழம், தூரிகைத் தடம் மேடாக இருக்கிறதா என்று பார்த்தால் விடை தானாக வரும்.

வெர்மீர் சுமார் 1665-ல் வரைந்த ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ உலோகத்துக்கு நன்றாகப் பொருந்தும். இருண்ட பின்னணி, மென்மையான மேற்பரப்பு, முத்திலும் உதட்டிலும் ஒளிப்புள்ளிகள். சப்ளிமேஷனில் கருமை ஆழமாக இறங்குவதால் முகம் முன்னுக்கு வந்து நிற்கும். ஒரு எச்சரிக்கை: அந்தப் பின்னணி வெறும் கறுப்பு அல்ல. அங்கே ஒரு பச்சைத் திரை வரையப்பட்டிருந்ததை 2020-ல் வெளியான ஆய்வு முடிவுகள் காட்டின. காலப்போக்கில் நிறம் மாறி இப்படி ஆகிவிட்டது. “மெட்டலுக்குத் தகுந்த மாதிரி” என்று சொல்லி கான்ட்ராஸ்ட்டை ஏற்றிவிடும் அச்சகத்தில் கொடுத்தால், எஞ்சியிருக்கும் அந்த நுண்ணிய மாற்றமும் தார் பூசியதுபோல் மூடிக்கொள்ளும். கான்ட்ராஸ்ட், சாச்சுரேஷன் இரண்டையும் தொட வேண்டாம் என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள்.

கிளிம்ட்டின் ‘முத்தம்’ (1907–08) வேறு கதை. மூலத்தில் தங்கத் தாளே ஒட்டப்பட்டிருக்கிறது. வெள்ளை அடிப்பூச்சுள்ள தகட்டில் அந்தத் தங்கம் வெறும் மஞ்சளாகவும் பழுப்பாகவும்தான் வரும். அடிப்பூச்சு இல்லாத கிளியர் தகட்டில் அடித்தால் மஞ்சள் சாயத்துக்குக் கீழே உலோகம் மின்னும். நடந்து போகும்போது பொன் நகர்வதுபோல் இருக்கும். பார்த்தவுடன் மனம் பறிபோகும். ஆனால் படத்தின் முகங்களையும் கைகளையும் உற்றுப் பாருங்கள். சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. கிளியர் தகட்டில் வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் அலுமினியச் சாம்பல்தான். பெண்ணின் முகம் உயிரற்றுப் போகும். இந்த ஓவியத்துக்குச் சரியான வழி யுவி பிரிண்ட்தான்: முகம், கை, கால், பூக்கள் ஆகிய இடங்களின் அடியில் மட்டும் வெள்ளை மை, தங்க ஆடையின் அடியில் வெள்ளை இல்லை. இதற்கு ஃபைலில் வெள்ளைக்கென்று தனி லேயர் தயாரிக்க வேண்டும். எல்லைக்கோட்டை வெட்டியதுபோல் விடாமல், லேசாக மங்கும்படி விட வேண்டும். இல்லாவிட்டால் முகத்தைச் சுற்றி வெண்கோடு தெரியும். அச்சகத்தில் “ஒயிட் லேயர் நீங்கள் செய்வீர்களா, நாங்கள் கொடுக்க வேண்டுமா” என்று கேட்டுவிடுங்கள். சரியாகச் செய்தால் உலோகத்தில் அடிப்பதற்கு முழு நியாயம் கிடைக்கும் படம் இது.

ஹொக்குசாயின் ‘பேரலை’ (சுமார் 1831) மரக்கட்டை அச்சு. நுரையின் வெண்மை வண்ணமே அல்ல, மை படாத தாள். அந்தத் தாளுக்கு லேசான இளமஞ்சள் தன்மை உண்டு. உலோகத் தகட்டின் வெள்ளையோ நீலம் கலந்த பிரகாச வெள்ளை. க்ளாஸி (பளபளப்பான) தகட்டில் இந்தப் படம் அச்சு மாதிரி இல்லாமல் திரையில் பார்க்கும் படம் மாதிரி ஆகிவிடுகிறது. மூலம் 25.7 × 37.9 செ.மீ. அளவுதான்; அதை ஒன்றரை மீட்டருக்குப் பெரிதாக்கினால் மரத்தின் ரேகையும் தாளின் நாரும் கயிறு மாதிரித் தெரியும். இதற்குப் பருத்தித் தாளும் கண்ணாடிச் சட்டமும்தான் எங்கள் தேர்வு. குளியலறை வாசல், சமையலறை போன்ற ஈரமான இடமாக இருந்து தாள் தாங்காது என்றால் மட்டும் மேட் (பளபளப்பில்லாத) சப்ளிமேஷனுக்குப் போகலாம், அதுவும் தாளின் நிறத்தை “சுத்தம்” செய்யாத ஃபைலோடு. நீர்வண்ணப் படங்களுக்கும் இதே விதிதான்.

வான் கோவின் ‘நட்சத்திர இரவு’ (1889) போன்ற தடித்த வண்ணப்பூச்சு ஓவியங்களில் சிக்கல் வேறு. தூரிகை எழுப்பிய மேடுகளும் அவற்றின் நிழலும் ஃபோட்டோவிலேயே பதிவாகியிருக்கும். க்ளாஸி தகட்டில் அறையின் விளக்கு ஒரு சமதளப் பிரதிபலிப்பாக அந்தப் பொய் மேடுகளின் மீது விழும்போது, கண் உடனே “இது தட்டை” என்று கண்டுபிடித்துவிடும். மேட் தகட்டில் இந்த மோதல் இல்லை; படத்தின் நிழல்கள் நிழல்களாகவே நிற்கும். இந்த வகையில் கேன்வாஸும் நேர்மையான போட்டியாளர்தான், ஈரமும் தூசியும் குறைந்த அறையாக இருந்தால். யுவி மையை அடுக்கடுக்காக ஏற்றி மேடு உண்டாக்கும் வேலையும் நடக்கிறது. உண்மையான உயர அளவீட்டிலிருந்து செய்யாமல், படத்தின் வெளிச்சம் இருட்டை வைத்துக் குத்துமதிப்பாக மேடு எழுப்பினால் பிளாஸ்டிக் மாதிரிதான் இருக்கும்; மாதிரி பார்க்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

மோனேவின் அல்லிக்குளங்களுக்கு சாட்டின், அதாவது க்ளாஸிக்கும் மேட்டுக்கும் நடுவான பளபளப்பு. அதில் அதிகம் யோசிக்க ஒன்றும் இல்லை. மோந்த்ரியான் போன்ற தட்டை வண்ண ஓவியங்களுக்கு சப்ளிமேஷன், யுவி இரண்டும் ஒத்துவரும். ஆனால் அவருடைய சாம்பலும் வெள்ளையும் நிறம் சாயாமல் இருக்க வேண்டும். சப்ளிமேஷனில் நடுச் சாம்பல் பச்சையாகவோ ஊதாச் சிவப்பாகவோ சாய்வது அடிக்கடி வரும் கோளாறு. ட்யூரரின் செதுக்குப் படங்கள் போன்ற கறுப்பு வெள்ளை வேலைகளில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். கறுப்பு வெள்ளைக்கு மாதிரி அச்சு இல்லாமல் உலோகத்துக்குப் போகவே வேண்டாம்.

பளபளப்பா, சாட்டினா, மேட்டா

க்ளாஸி தகட்டில் நிறமும் ஆழமும் அதிகம். எதிரில் ஜன்னல் இருந்தால் பகல் முழுக்க ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இருண்ட ஓவியங்களில் இது இரட்டிப்பாகும், கறுப்புத் தகடு கண்ணாடி போலவே வேலை செய்யும். மேட் தகட்டில் பிரதிபலிப்பு இல்லை, ஆனால் கருமை கொஞ்சம் சாம்பலாக உயரும். சாட்டின் இரண்டுக்கும் நடுவில். ஓவியப் பிரதிக்கு எது என்று ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னால் சாட்டின் என்போம். க்ளாஸி ஃபோட்டோக்களுக்கு அழகு, ஓவியங்களுக்கு அரிதாகவே அழகு. கோடு இழைத்த கிளியர் தகடு, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து நன்றாக விழும் சுவருக்கு மட்டும். மங்கலான நடைவழியில் அது அழுக்குச் சாம்பலாக இருண்டுவிடும்.

முடிவு செய்யும் முன் ஒரு சோதனை: ஒரு சிறிய முகக்கண்ணாடியைப் படம் வரப்போகிற இடத்தில், அதே உயரத்தில் பிடிக்கச் சொல்லி, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். கண்ணாடியில் விளக்கோ ஜன்னலோ தெரிந்தால் க்ளாஸி வேண்டாம். பகலில் ஒருமுறை, இரவில் விளக்குப் போட்டு ஒருமுறை.

ஃபைலும் அளவும்

தகடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஃபைல் சரியில்லை என்றால் பணம் வீண். 60 × 90 செ.மீ. தகட்டை அங்குலத்துக்கு 200 பிக்சலில் அடிக்க 4,724 × 7,087 பிக்சல் வேண்டும், கிட்டத்தட்ட 33 மெகாபிக்சல். இரண்டு மீட்டர் தள்ளி நின்றே பார்ப்பீர்கள் என்றால் 150 பிக்சல் போதும். அப்போது 3,543 × 5,315. அதற்குக் கீழே இறங்கினால் தாளைவிட உலோகத்தில் குறை அதிகம் தெரியும். பருத்தித் தாளின் இழைநயம் சின்னச் சின்னப் பிக்சல் உடைவுகளை மறைத்துக்கொள்ளும். வழுவழுப்பான தகடு எதையும் மறைக்காது. ஜேபெக் சுருக்கத்தால் வரும் கட்டம் கட்டமான திட்டுகள் வானம், சுவர், இருண்ட பின்னணி போன்ற இடங்களில் முதலில் தெரியும்.

நல்ல ஃபைலைத் தேட அருங்காட்சியகங்களே சிறந்த இடம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், வாஷிங்டனின் தேசிய ஓவியக்கூடம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட், கிளீவ்லாண்ட் அருங்காட்சியகம் ஆகியவை காப்புரிமை முடிந்த ஓவியங்களின் பெரிய ஃபைல்களை இலவசமாகத் தருகின்றன. மெட்ரோபாலிட்டன் 2017-லும் கிளீவ்லாண்ட் 2019-லும் இப்படித் திறந்துவிட்டன. ரைக்ஸ்மியூசியம் ரெம்ப்ராண்ட்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தை 717 ஜிகாபிக்சலில் படமெடுத்து 2022-ல் வெளியிட்டது. காப்புரிமை நாட்டுக்கு நாடு மாறும். பல நாடுகளில் ஓவியர் இறந்து 70 ஆண்டு, சிலவற்றில் 50 அல்லது 60. வான் கோ 1890-ல், கிளிம்ட் 1918-ல், மோனே 1926-ல் இறந்தவர்கள், பிரச்சினை இல்லை. பிக்காசோ 1973-ல் இறந்தவர்; அவருடைய படங்களை இலவச ஃபைல் என்று யாராவது கொடுத்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது நீள அகல விகிதம். அச்சகங்களின் தயார் அளவுகள் பெரும்பாலும் 2:3, 4:5, 1:1. ‘நட்சத்திர இரவு’ 73.7 × 92.1 செ.மீ., சரியாக 4:5. அதனால் 40 × 50 தகட்டில் ஒரு இழைகூட வெட்டுப்படாது. ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ 44.5 × 39 செ.மீ. அதை 60 × 40 தகட்டில் நிரப்பினால் அகலத்தில் கால்வாசி போய்விடும்; தோளும் பின்னணியும் வெட்டுப்பட்டு முகம் மூச்சுமுட்ட நிற்கும். வெட்டுவதைவிட அளவு சொல்லித் தகட்டை அறுக்கச் சொல்வது நல்லது. யுவி அச்சகங்களில் இது எளிது. சப்ளிமேஷனில் பூச்சுள்ள தகட்டை அறுத்தால் ஓரத்தில் பூச்சு தெறிக்க வாய்ப்பு உண்டு, ஆகவே அதற்கென்று கருவி வைத்திருக்கும் இடம்தானா என்று கேளுங்கள்.

திரையில் பார்த்ததைவிட அச்சு இருட்டாக வந்துவிட்டது என்பது எங்கும் கேட்கும் புகார். பெரும்பாலும் குற்றம் திரையில்தான், அது அளவுக்கு மீறிய பிரகாசத்தில் இருக்கும். திரையின் பிரகாசத்தை ஒரு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (பிரகாச அலகு) வரை இறக்கி, அச்சகம் தரும் ஐசிசி ப்ரொஃபைலை (அந்தத் தகட்டில் நிறங்கள் எப்படி வரும் என்று சொல்லும் ஃபைல்) வைத்து சாஃப்ட் ப்ரூஃப், அதாவது திரையிலேயே அச்சின் முன்தோற்றம் பாருங்கள். ப்ரொஃபைல் என்றால் என்ன என்றே தெரியாத அச்சகத்தில் ஓவியப் பிரதி கொடுக்க வேண்டாம். பெரிய தகட்டுக்கு முன் 20 × 25 செ.மீ. மாதிரி ஒன்று, அதே தகட்டில், அதே ஃபினிஷில் அடித்து, தொங்கப்போகிற சுவரிலேயே வைத்துப் பகலிலும் இரவிலும் பாருங்கள். முழுப் படத்தையும் சுருக்கி அடிப்பதைவிட, முகமும் இருட்டும் சேர்ந்த ஒரு பகுதியை முழு அளவில் அடித்துப் பார்ப்பது அதிகம் சொல்லித்தரும்.

எத்தனை நாள் நிறம் நிற்கும்

நிறம் நிலைப்பதில் பிக்மென்ட் மையும் பருத்தித் தாளும், புற ஊதா தடுக்கும் கண்ணாடிக்குள் இருந்தால், பொதுவாக முன்னணியில். சப்ளிமேஷன் சாயம் அதற்குப் பின்னால். ஆனாலும் தரமான பூச்சுள்ள தகடு வீட்டுக்குள் பல பத்தாண்டு தாங்கும். பூச்சு மட்டமான தகடுகள் விரைவில் வெளிறும், முதலில் போவது பெரும்பாலும் சிவப்பும் மஞ்சளும். எனவே தகடு எந்த நிறுவனத்துடையது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

விளம்பரங்களில் வரும் “இத்தனை ஆண்டு உத்தரவாதம்” என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு அனுமானம் இருக்கிறது. வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச் என்ற ஆய்வுக்கூடத்தின் கணக்கு, நாளுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் என்று வைத்துக்கொள்கிறது. அது நாளுக்கு 5,400 லக்ஸ்-மணி. ஜன்னல் வழியாக 50,000 லக்ஸ் வெயில் தினமும் ஒரு மணி நேரம் தகட்டின்மேல் விழுந்தால், அந்த ஒரு மணி நேரத்திலேயே ஒன்பது நாள் கணக்கு தீர்ந்துவிடும். அறுபது ஆண்டு என்று சொன்ன தகடு ஏழு ஆண்டுகூட நிறத்தோடு இருக்காது. வெயில் படும் சுவர் என்றால் எந்தப் பூச்சு என்று யோசிப்பதைவிட வேறு சுவரைப் பார்ப்பது புத்திசாலித்தனம். அருங்காட்சியகங்கள் நீர்வண்ணத்தையும் தாள் அச்சையும் 50 லக்ஸில்தான் காட்டுகின்றன.

மாட்டுவது

எடையில் உலோகம் ஜெயிக்கிறது. 60 × 90 செ.மீ. அளவில் 1.14 மி.மீ. அலுமினியம் சுமார் 1.7 கிலோ, 3 மி.மீ. கூட்டுத் தகடு சுமார் 2 கிலோ. அதே அளவு தாளுக்கு 3 மி.மீ. கண்ணாடி மட்டுமே 4 கிலோ, சட்டம் தனி. ஆனால் விறைப்பில் மெல்லிய அலுமினியம் தோற்கிறது. ஓரடி ஈரடி வரை சரி. 60 × 90-ஐத் தாண்டினால், பின்னால் சட்டம் இல்லாத 1.14 மி.மீ. தகடு லேசாக அலையடிக்கும். க்ளாஸி என்றால் பிரதிபலிப்பு வளைந்து நெளிந்து அதைக் காட்டிக்கொடுக்கும். பெரிய அளவுக்குக் கூட்டுத் தகடு, அல்லது பின்னால் நான்கு பக்கமும் உள்ளொடுங்கிய அலுமினியச் சட்டம்.

நான்கு மூலையில் துளையிட்டு, தகட்டைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தும் ஸ்டாண்ட்-ஆஃப் திருகு போடுவது அலுவலகப் பலகைக்கு அழகு. ஓவியத்துக்கு வேண்டாம். ஓவியர்களின் கையெழுத்து பெரும்பாலும் கீழ் மூலையில்தான் இருக்கும். அங்கே ஒரு திருகுத்தலை உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். எப்படியும் போடத்தான் வேண்டும் என்றால் துளையைத் திருகைவிடக் கொஞ்சம் பெரிதாக விடுங்கள். 1 மீட்டர் அலுமினியம் 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் 0.7 மி.மீ. நீளும். இடம் இல்லாவிட்டால் தகடு நடுவில் உப்பும்.

நல்ல வழி, பின்னால் ஒட்டும் மிதக்கும் சட்டமும், சுவரில் அதைத் தாங்கும் இசட் வடிவப் பட்டையும். தகடு சுவரிலிருந்து 12 முதல் 25 மி.மீ. வெளியே நிற்கும், காற்றும் போய்வரும். சட்டத்தை நீங்களே ஒட்டுவதானால்: தகட்டின் பின்புறத்தை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சமபங்கு கலந்து துடைத்து உலரவிடுங்கள். அக்ரிலிக் நுரை டேப்பை ஒட்டி, முழு நீளத்துக்கும் அழுத்துங்கள். சாதாரண அறை வெப்பத்தில் இந்த டேப் 20 நிமிடத்தில் பாதிப் பிடிப்பும், 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 90 சதவீதமும், 72 மணி நேரத்தில் முழுப் பிடிப்பும் அடையும். மூன்று நாள் தரையில் படுக்க வைத்துவிட்டுப் பிறகு மாட்டுங்கள். அன்றைக்கே மாட்டியதுதான் நள்ளிரவில் விழுகிறது. சுவர்ப் பட்டையை ரசமட்டம் வைத்து அடியுங்கள். கீழ் ஓரத்தில் இரண்டு சிலிக்கான் பொட்டு ஒட்டினால் மின்விசிறிக் காற்றில் தகடு சுவரில் தட்டாது.

விளக்கு மேலிருந்து செங்குத்துக்கு 30 டிகிரி சாய்வில் விழட்டும். நிறக் காட்டுத்திறன் எண் (சிஆர்ஐ, விளக்கொளியில் நிறங்கள் எவ்வளவு சரியாகத் தெரியும் என்ற அளவு) 90-க்கு மேல் உள்ள எல்இடி எடுங்கள். மலிவான விளக்கில் சப்ளிமேஷன் சாம்பல் பச்சையாகத் தெரிந்து, குற்றம் அச்சின்மேல் விழும்.

பெட்டி வந்ததும்

பாதுகாப்புப் படலத்தை உரிக்கும் முன் நான்கு மூலைகளையும் பாருங்கள். மூலை மடங்கியிருந்தால் அது பயணத்தில் விழுந்தது. அலுமினியத்தை நிமிர்த்தினாலும் பூச்சு விரிசல் விட்டிருக்கும், திருப்பி அனுப்புவதுதான் வழி. பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தகட்டுக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்துங்கள். கீறல், தூசிமேடு, பூச்சுக் குமிழ் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும்.

அச்சுக் கோளாறுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு, அதைப் பெயர் சொல்லிக் கேட்டால் அச்சகம் மறுக்காது. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் மங்கலான இரட்டைக் கோடு தெரிந்தால், அழுத்தும்போதோ தாளை எடுக்கும்போதோ தாள் நகர்ந்திருக்கிறது. மூலை மட்டும் வெளிறியிருந்தால் பிரஸ்ஸின் அழுத்தம் சமமில்லை. மொத்தமும் சோகையாக இருந்தால் நேரமோ சூடோ குறைவு. கறுப்பு பழுப்பாகி விளிம்புகள் மங்கியிருந்தால் அதிகம். அங்கங்கே நீலப் புள்ளிகள் என்றால் துணி நார் அல்லது தூசி தாளுக்கும் தகட்டுக்கும் நடுவே மாட்டியிருக்கிறது. யுவி அச்சில் சம இடைவெளியில் கிடைக்கோடுகள் இருந்தால் அச்சுத் தலையின் துளை அடைபட்டிருக்கிறது. வெட்டிய ஓரத்தில் மை செதிலாக எழுந்திருந்தால் அடிப்பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை. அதை விட்டுவைத்தால் உரிந்துகொண்டே போகும்.

பராமரிப்பு

முதலில் தூசி, பிறகுதான் ஈரம். தூசியோடு சேர்த்துத் துடைத்தால் அந்தத் தூசியே தகட்டைத் தேய்க்கும். மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழே தட்டிவிட்டு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். விரல் ரேகைக்குத் துணியை வடிநீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். குழாய் நீரில் உப்பு அதிகமென்றால் வெண்தடம் விழும். தண்ணீரைத் தகட்டின்மேல் நேராகத் தெளிக்காதீர்கள். அது ஓரத்தில் வடிந்து, கூட்டுத் தகட்டின் அடுக்குகளுக்கும் பின்னால் உள்ள டேப்புக்கும் போகும்.

எண்ணெய்ப் பிசுக்கு வேறு வகை. சப்ளிமேஷன் தகட்டில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம், ஒன்றும் ஆகாது. அதே ஆல்கஹால் யுவி மையை இளக்கி நிறத்தைத் துணியில் எடுத்துவிடக்கூடும். யுவி தகட்டுக்கு நீரில் ஒரு துளி சோப்பு, நன்றாகப் பிழிந்த துணி, அதோடு சரி. தாள் ஒட்டிய தகட்டுக்கு எந்த ஈரமும் கூடாது, தூரிகை மட்டும். அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர், தேய்க்கும் பொடி, பச்சை நார்த்தேய்ப்பான், டிஷ்யூ தாள் இவையெல்லாம் மூன்று வகைத் தகட்டுக்குமே ஆகாது. கோடு இழைத்த தகட்டைக் கோட்டின் போக்கிலேயே துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல.

கடலோர வீடுகளில் கவனிக்க வேண்டியது படத்தை அல்ல, ஓரத்தை. அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது, ஆனால் உப்புக்காற்றில் வெட்டிய ஓரத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். மாதம் ஒருமுறை ஓரங்களை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் போதும். சாதாரண சப்ளிமேஷன் தகட்டைத் திறந்தவெளியில் மாட்டக்கூடாது. வெளிப்புறத்துக்கென்று தனிப்பூச்சோடு வரும் தகடுகள் வேறு.

வீடு மாற்றும்போது தகட்டின் முகத்தில் நேராக பபிள் ராப் சுற்றாதீர்கள், வெயிலில் வண்டி நின்றால் குமிழ் தடம் பதிந்துவிடும். முதலில் கிளாசீன் தாள் (வழுவழுப்பான மெல்லிய தாள்) அல்லது மெல்லிய பாலிஎதிலீன் நுரைத்தாள், பிறகு நான்கு மூலைக்கும் அட்டை மூலைக்காப்பு, அதற்கு வெளியே எது வேண்டுமானாலும். படுக்க வைத்து அடுக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். இரண்டு தகடுகளை வைப்பதானால் முகத்தோடு முகம், நடுவில் நுரைத்தாள்.

ஆழமான கீறலைச் சரிசெய்ய முடியாது. மேலே வண்ணப் பேனா தொட்டால் அந்த இடம் மட்டும் மினுக்கம் மாறி இன்னும் கண்ணில் குத்தும். மறுபடி அடிப்பதுதான் ஒரே வழி, அப்போது பழைய நிறமே வர வேண்டுமென்றால் விவரம் கையில் இருக்க வேண்டும். தகட்டின் பின்புறம் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: ஃபைலின் பெயர், எந்த அருங்காட்சியகத்திலிருந்து எடுத்தது, பிக்சல் அளவு, தகட்டின் நிறுவனமும் ஃபினிஷும், எந்த ஐசிசி ப்ரொஃபைல், அச்சடித்த தேதி. சப்ளிமேஷனா யுவியா என்பதையும் அதே சீட்டில் பெரிதாக எழுதிவிடுங்கள், துடைக்க வருகிறவர் எந்தப் பாட்டிலை எடுப்பது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.